கணக்கில் வராத ஐந்து

தேவகோட்டை சார்பு நீதிமன்றம், தட்டச்சுப் பிரிவு.
என் பெயர் கண்ணாத்தாள்.
இருபத்தாறு வருஷமாய் அடுத்தவர் வழக்கை அடிக்கிறேன்.
மேல்வயிற்றில் ஓர் எரிச்சல்,
மத்தியானம் மூன்று மணிக்கு
வாய்தா தவறாமல் ஆஜராகிறது.

இரும்புக்கடை மாடியில் ஆயுர்வேத டாக்டர்.
என்னைவிட இருபது வயது சின்னவள்.
இடது மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக்
கண்ணை மூடிக்கொண்டாள்,
பக்கத்து வீட்டுச் சண்டையை ஒட்டுக் கேட்பவள் மாதிரி.
"பித்தம். நேற்று எத்தனை காபி?"
"நாலு."
சத்தியப் பிரமாணம் எடுத்த குரலில்தான் சொன்னேன்.

சாயங்காலம் சீனிமுகமது கடையில் மாசக் கணக்கு.
என் பெயருக்கு நேரே, நேற்றைய தேதியில்
கோடு கோடாய் ஒன்பது.
"பையன் மேசைக்கே வந்து வச்சானேக்கா,
டம்ளரும் காலியாத்தானே திரும்பி வந்துச்சு?"

நாலு நினைவிருக்கிறது.
மீதி ஐந்தைக் குடித்தது யார்?

ஒன்றைப் பாகப்பிரிவினை வழக்கு குடித்திருக்கும்:
கானாடுகாத்தானில் ஒரு வீடு,
பங்காளிகள் நாற்பத்தெட்டுப் பேர்.
முகப்பு இன்னாருக்கு, பட்டாலை இன்னாருக்கு,
இரண்டாங்கட்டுத் தெற்கறை பினாங்கில் இருக்கும் மூவருக்கு,
பர்மாத் தேக்குத் தூண் ஒன்றில்
எட்டில் ஒரு பாகம் யாருக்கோ.
அந்த ஒரு பாகம் எந்தப் பக்கம் என்று
நீதிபதியும் கேட்கவில்லை.
இன்னொன்றைக் கரண்ட் பில்.
மற்றொன்றைக் கொழுந்தன் சொன்ன ஒரு சொல்,
சொல்லி ஏழு வருஷம் ஆகிறது.
கடைசி இரண்டும்
கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் போன்.

மறுபடி மாடியேறி வாக்குமூலத்தைத் திருத்தினேன்.
அவள் சிரித்தாள். நிறுத்தச் சொல்லவில்லை.
வெறும்வயிற்றில் மட்டும் கூடாது,
பசி ஒரு நெருப்பு, அதன்மேல் கசப்பைக் கொட்டாதீர்கள்.
ஏலக்காய் ஒன்று தட்டிப் போடுங்கள்.
வெயில் உச்சிக்கு வருமுன் ஒரே ஒரு டம்ளர், உட்கார்ந்து.
"இந்த ஊருக்கே பித்த உடம்புதான்" என்று
ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினாள்.
பிறகு, சீட்டில் எழுதாமல்,
"குடிக்கும்போது குடியுங்கள்."
இதற்கா இருநூறு ரூபாய் என்று முனகியபடி இறங்கினேன்.

மறுநாள், மூன்று இட்லிக்குப் பின்,
போனை டிராயரில் போட்டேன். திரையை அணைத்தேன்.
டம்ளர் வந்தது. ஆற்றவில்லை, பார்த்தேன்.
நுரை உடைகிறபோது ஒரு சத்தம் இருக்கிறது.
முதல் வாயில் சூடு மட்டும்தான்.
ருசி, தாமதமாய் வரும் சாட்சி.
கசப்பு முதலில் கூண்டேறுகிறது,
பால் அதைத் தனியே அழைத்துப் போய்ச் சமரசம் பேசுகிறது,
எல்லாரும் கலைந்த பிறகு
கன்னத்தின் உள்ளே ஒரு துவர்ப்பு,
நாவல்பழம் தின்றது போல.

மூன்றாவது வாயில் தூண் வந்துவிட்டது,
எட்டில் ஒரு பாகத்தோடு.
டம்ளரைக் கீழே வைத்தேன்.
அது போகிறவரை இருந்தேன். சுலபத்தில் போகவில்லை.
திரும்ப எடுக்கும்போது காபி ஆறியிருந்தது.
ஆறியிருக்கிறது என்று தெரிந்து குடித்தேன்.

அந்தப் பத்திரத்தின் கடைசிப் பாராவில் ஒரு வரி:
'கிணறு மட்டும் பங்கிடப்படாமல்
பொதுவில் இருந்து வரும்.'
விரல் பழக்கத்தில் எத்தனை தடவை அடித்திருப்பேன்.
அன்றைக்குத்தான் படித்தேன்.

சாயங்காலம் நோட்டைப் பார்த்தேன்.
மூன்று கோடு.
"ஒடம்பு கிடம்பு சரியில்லையாக்கா?" என்றார் சீனிமுகமது.
ஒன்றுதான் அனுமதி. மூன்று ஆகிவிட்டது.
ஆனால் கேட்டால் மூன்றையும் சொல்வேன்:
ஒன்று ஆறியது,
ஒன்றில் ஏலம் தூக்கல்,
ஒன்று, தப்பென்று தெரிந்தே,
மணி இரண்டு ஐம்பதுக்கு.

எரிச்சல் வந்தது.
நாலேகாலுக்கு.